அகராதி வந்த வழி

கலசப்பாக்கம் கடைத்தெருவில் ஜப்பானிய அகராதி கிடைக்காது. திருவண்ணாமலைக்குப் போய்த் தேடினாலும், போட்டித் தேர்வுக் கையேடுகளுக்கும் கோனார் உரைகளுக்கும் நடுவே அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் செய்யாற்றங்கரையில், மேற்கே ஜவ்வாது மலை தெரியும் இந்தப் பக்கத்தில், நர்சிங்கோ டிப்ளமோவோ முடித்துவிட்டு ஜப்பான் வேலைக்காக மொழி படிக்கிறவர் ஒருவர் இருந்தால், அவர் கைப்பேசியில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் கொண்ட அகராதி இருக்கும். அதற்காக அவர் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க மாட்டார்.

காகித அகராதி நல்லதா, எலக்ட்ரானிக் அகராதி நல்லதா என்று ஜப்பானிய மொழி படிக்கும் உலகம் நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறது. இரண்டையும் வாங்கக் காசிருந்தவர்களின் சண்டை அது. நம் ஊருக்கு அகராதி வந்து சேர்ந்தபோது சண்டை முடிந்து, ஜெயித்த கட்சி மட்டும் இலவசமாக வந்தது. தோற்ற கட்சியிடம் என்ன இருந்தது என்பது இங்கே யாருக்கும் தெரியாமலே போயிற்று. அதனால்தான் இந்தப் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. அச்சிட்டவர்கள் இயேசு சபையினர். அடுத்த பத்தாண்டில் அதே சபை ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு ஓர் அச்சுப்பொறியைக் கொண்டுபோனது. வழியில் கோவாவில் தங்கியபோது, ரோமாபுரி போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞர்களில் ஒருவரான ஹாரா மார்ட்டினோவின் லத்தீன் உரையை 1588இல் அதில் அச்சடித்தார்கள். 1590இல் பொறி ஜப்பானில் இறங்கியது. 1603இல் நாகசாகியில் சுமார் 32,000 ஜப்பானியச் சொற்களுக்குப் போர்த்துகீசியத்தில் பொருள் சொல்லும் அகராதி வந்தது. இந்தக் கணக்கு அடுத்த ஆண்டு வந்த பின்னிணைப்பையும் சேர்த்து. சொற்கள் எல்லாம் ரோமன் எழுத்தில், அகர வரிசையில். ஜப்பானிய எழுத்தைத் தொடாமலே ஜப்பானியச் சொல்லைத் தேடும் வழக்கம் அங்கே ஆரம்பித்தது. 1614இல் பாதிரிமார்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். அச்சுப்பொறி மக்காவ் துறைமுகத்துக்குப் போனது.

பிறகு ஜப்பான் வெளியுலகுக்குக் கதவடைத்த இரண்டு நூற்றாண்டுகள். அப்போது நாகசாகித் துறைமுகத்தில் அனுமதிக்கப்பட்ட ஒரே ஐரோப்பியர் டச்சுக்காரர்கள். டூஃப் என்ற டச்சு வணிகத் தலைவர் மொழிபெயர்ப்பாளர்களைக் கூட்டி உண்டாக்கிய டச்சு–ஜப்பானிய அகராதி கையெழுத்துப் படியாகத்தான் புழங்கியது. ஒரு தொகுதி ஐம்பத்தெட்டு பாகம். பின்னால் கடற்படையைக் கட்டியெழுப்பிய கட்சு கைஷூ இளவயதில் வறுமையில் இருந்தபோது, அதை ஆண்டுக்குப் பத்து ர்யோ (அன்றைய பொற்காசு) வாடகைக்கு எடுத்து இரண்டு முறை முழுவதுமாகப் படியெடுத்தார். ஒரு படியை விற்று வாடகைக் கடனை அடைத்தார். மற்றது அவர் படிக்க. ஒசாகாவில் ஒகாத்தா கோவான் நடத்திய மருத்துவப் பள்ளியில் இந்த அகராதிக்கென்றே தனி அறை. பள்ளி முழுவதற்கும் ஒரே ஒரு பிரதி. அறையைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. வாசிப்புத் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் அந்த அறையில் விளக்கு அணையாது என்று அங்கே படித்த ஃபுகுசாவா யுகிச்சி தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். காகித அகராதியின் அருமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அறையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அருமை என்பது பாதிக்குமேல் கிடைக்காமைதான்.

கதவு திறந்தபின் அமெரிக்க மருத்துவர் ஹெப்பர்ன் யோகோஹாமாவில் இருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டே ஜப்பானிய–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தார். அச்சிட வசதி அங்கே இல்லாததால் ஷாங்காயில் அச்சிட்டு 1867இல் வெளியிட்டார். 1886இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் கையாண்ட ரோமன் எழுத்துமுறை அவர் பெயராலேயே நிலைத்துவிட்டது. இன்று கலசப்பாக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் ‘ஷி’ என்ற ஒலிக்கு எஸ், எச், ஐ என்று மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறார் அல்லவா, அது அந்த மருத்துவரின் கைவேலை.

ஜப்பானியர்கள் தங்களுக்கென்று நவீன அகராதி செய்தது 1889–91இல். ஒட்சுகி ஃபுமிஹிகோவின் ‘கென்காய்’. அதில் சொற்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகவே தோன்றாது. அ, இ, உ, எ, ஒ என்று உயிர். பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்துமுறையைப் படித்ததன் பயன் இந்த வரிசை. அதற்கு முன்னால் அங்கே ‘இரோஹா’ என்ற பழம்பாட்டின் எழுத்து வரிசைதான் நடைமுறை. ஆங்கிலேய மாணவர் வாரக்கணக்கில் மனப்பாடம் செய்யும் இந்த வரிசை, அரிச்சுவடி படித்த தமிழருக்கு ஒரு மாலைப்பொழுதில் பிடிபட்டுவிடும். ஆனால் கைப்பேசியில் தேடுகிறவருக்கு எந்த வரிசையும் வேண்டாம். நமக்கு வசதியாக அமைந்திருந்த ஒரே வாசல், நாம் வரும் நேரத்தில் பயனில்லாமல் போனது.

சிக்கல் ஒலியில் இல்லை, எழுத்தில். சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகள். அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136. எப்படி உச்சரிப்பதென்று தெரியாத எழுத்தை அகராதியில் எங்கே தேடுவது? இங்கேதான் காகித அகராதி தன் முழு வேலையையும் காட்டியது. ‘கோ’ என்று ஓர் எழுத்து. மொழி என்று பொருள். அதன் இடப்பாதி, பேச்சைக் குறிக்கும் உறுப்பு. உறுப்புகள் மொத்தம் 214, இது 149ஆவது. உறுப்பைக் கண்டுபிடித்தாயிற்று. இனி மிச்சப் பாதியில் எத்தனை கோடு என்று எண்ண வேண்டும். மேலே ஐந்து என்ற எண்ணின் எழுத்து, நான்கு கோடு. கீழே வாய் என்ற எழுத்து, ஒரு சின்னச் சதுரம். சதுரத்துக்கு நான்கு பக்கம், ஆகவே நான்கு கோடு என்று புதியவர் எண்ணுவார். பேனாவைத் தூக்காமல் மேல்கோட்டையும் வலக்கோட்டையும் ஒரே இழுப்பில் போடுவதால் அது மூன்று. ஆக ஏழு. எட்டு என்று எண்ணியவர் எட்டாம் பகுதி முழுவதும் தேடிக் களைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்தத் தேடலைக் கொஞ்சம் இலகுவாக்கியவர் ஆண்ட்ரூ நெல்சன். மிஷனரி. டட்டில் நிறுவனம் 1962இல் வெளியிட்ட அவரது எழுத்தகராதிதான் ஒரு தலைமுறை வெளிநாட்டு மாணவர்களின் மேசையில் இருந்தது. உறுப்பு எது என்று குழப்பம் வந்தால் எந்த முறையில் முடிவு செய்வது என்று படிப்படியாக விதி வகுத்தார். 1990இல் ஜாக் ஹால்பெர்ன் இன்னொரு வழி சொன்னார். உறுப்பே வேண்டாம், எழுத்து இடம்–வலமாகப் பிரிகிறதா, மேல்–கீழாகவா, ஒன்றை ஒன்று சூழ்ந்திருக்கிறதா, பிரியாமல் நிற்கிறதா என்று மட்டும் பார், பிறகு இரு பாதியிலும் கோடுகளை எண்ணு. ‘கோ’வுக்கு 1-7-7. நல்ல யோசனை. ஆனால் சதுரத்துக்கு மூன்று கோடு என்பதிலிருந்து அதுவும் தப்பிக்க விடவில்லை.

இந்தப் பாடு வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 149ஆம் உறுப்பின் பக்கத்தைத் திறந்தால் ‘கோ’ தனியாக இருக்காது. பேசு, வாசி, குறித்துவை, மொழிபெயர், விளக்கு, தேர்வு வை எல்லாமே அந்த உறுப்பைச் சுமந்துகொண்டு அக்கம்பக்கத்தில் நிற்கும். ஒன்றைத் தேடிப் போனவர் பத்து உறவினரைப் பார்த்துவிட்டு வருவார், கல்யாண வீட்டுக்குப் போனதுபோல. கைப்பேசி, கேட்டதை மட்டும் கொடுத்து அனுப்பிவிடும். உறுப்பு வாரியாகப் பார்க்கும் வசதி செயலிகளிலும் இருக்கத்தான் செய்கிறது. வேலை முடிந்தபின் அதைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

எலக்ட்ரானிக் பக்கம் 1979இல் தொடங்கியது. ஷார்ப் நிறுவனம் கையடக்கக் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. 1978இலேயே கணினிக்கான கஞ்சித் தொகுதி தரப்படுத்தப்பட்டிருந்தாலும், அத்தனை எழுத்தையும் சின்னத் திரையில் காட்ட இன்னும் காலம் பிடித்தது. 1987இல் ‘கோஜியென்’ குறுந்தகட்டில் வந்தது. 1955இல் முதல் பதிப்பு கண்ட இந்தப் பேரகராதியின் ஏழாம் பதிப்பில் (2018) இரண்டரை லட்சம் சொற்கள். எவ்வளவு சேர்த்தாலும் புத்தகத்தின் தடிமன் எட்டு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது; பைண்டிங் எந்திரத்தின் எல்லை அது. அதனால் காகிதத்தை மெலிதாக்கிக்கொண்டே போனார்கள். தகட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் கேனான் வேர்ட்டேங்க், கேசியோ எக்ஸ்-வேர்ட், செய்க்கோ கருவிகளின் ஆட்சி. சட்டைப்பைக்குள் பத்துப் பதினைந்து அகராதி. ஆனால் அவை ஜப்பானியர் ஆங்கிலம் படிக்கச் செய்தவை. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் கஞ்சி வந்தால் அதன் உச்சரிப்பைப் பக்கத்தில் போட மாட்டார்கள். ஜப்பானியருக்கு அது தெரியும் என்று விட்டுவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு தேடல் நடத்தினார். விலையும் நம் கணக்கில் பத்தாயிரத்துக்கு மேல். இந்தக் கருவி ஜவ்வாது மலை அடிவாரம் வரை வந்திருக்க வாய்ப்பு குறைவு. 2015இல் செய்க்கோ இந்த வியாபாரத்தைவிட்டே விலகிவிட்டது. எலக்ட்ரானிக் அகராதி என்று அந்தச் சண்டையில் பேசப்பட்ட பொருளே இப்போது அருகிவிட்டது.

நம் ஊருக்கு வந்த அகராதிக்குப் பிறப்பிடம் வேறு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ஜிம் பிரீன் என்ற பேராசிரியர் இருந்தார். மொழித்துறை அல்ல, கணினி, தொலைத்தொடர்புப் பக்கம். ஜப்பானிய மொழி படிப்பது அவருடைய சொந்த ஆர்வம். 1991இல் ஒரு சொற்கோப்பை ஆரம்பித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் இருந்தால் அனுப்பலாம் என்று இணையத்தில் விட்டார். எடிக்ட் என்று பெயர். உலகெங்கும் இருந்து சொற்கள் வந்து சேர்ந்தன. பின்னால் அது ஜேஎம்டிக்ட் என்று வளர்ந்தது. இன்று கைப்பேசிக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் ஜப்பானிய–ஆங்கிலச் செயலிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது இந்தக் கோப்புதான். மேலே போட்ட சட்டை மட்டும் வேறு. தக்கோபோத்தோ என்பார்கள், அக்கெபி என்பார்கள், சரக்கு ஒன்று.

செயலியில் வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கும் ஒரு கதை உண்டு. ஹ்யோகோ பல்கலைக்கழகத்தில் தானாகா யாசுஹிதோ என்ற பேராசிரியர் மாணவர்களை ஆளுக்கு 300 ஜப்பானிய–ஆங்கில வாக்கிய இணைகள் சேர்த்துவரச் சொன்னார். சில ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. வீட்டுப்பாடம் எழுதிய கை எப்படி எழுதும் என்று நமக்குத் தெரியும். பிழைகள் மலிந்த அந்தத் தொகுப்பைப் பிறகு தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் களையெடுத்தார்கள். இன்றும் விசித்திரமான வாக்கியம் ஒன்று கண்ணில் பட்டால், அதை யாரோ ஒரு மாணவர் கடைசி நாள் இரவில் எழுதியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கடந்துபோவது உத்தமம். காகித அகராதியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் குழு இருந்தது. இந்த வித்தியாசத்தைச் செயலிகள் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். ஜப்பானியத் தொழிற்பயிற்சிக்கு வெளிநாட்டவரை அழைக்கும் ஏஓடிஎஸ் அமைப்பு 1959இல் ஏற்பட்டது. அதில் போய்த் திரும்பியவர்கள் சென்னையில் நடத்தும் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் நீண்ட காலமாக ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறது. அகராதி தொகுப்பாளர் ஒருவரே இங்கு வந்ததும் உண்டு. 1974இன் இவானாமி பழஞ்சொல் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஓனோ சுசுமு, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று வாதிட்டு, தமிழறிஞர் பொற்கோவோடு சேர்ந்து ஆராய்ந்தார். மொழியியலாளர் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. நம் மேடைகளில் மட்டும் அது இன்னும் நிரூபிக்கப்பட்ட உண்மையாக உலவுகிறது. சென்னையில் இவ்வளவு நடந்தாலும் கலசப்பாக்கத்திலிருந்து அது அரை நாள் பயணம். வாரம் இரண்டு வகுப்புக்குப் போய்வர முடியாது.

தூரத்தை உடைத்தவை இரண்டு. ஒன்று, 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. இன்னொன்று, 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட குறிப்பிட்ட திறன் தொழிலாளர் உடன்பாடு. முதியோர் பராமரிப்பு முதல் விவசாயம் வரை பல துறைகளுக்கு ஆள் போகலாம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலையோ, 2019இல் தொடங்கிய ஜேஎஃப்டி அடிப்படைத் தேர்வோ தேற வேண்டும். நர்சிங் படித்த கிராமத்துப் பெண்ணுக்கு முதல்முறையாக ஜப்பானிய அகராதி தேவைப்பட்டது. ஆன்லைன் வகுப்பில் சென்செய், அதாவது ஆசிரியர், ஒரு செயலியின் பெயரைச் சொல்கிறார், இறக்கிக்கொள்கிறாள். அடைய நானூறு ஆண்டு ஆனது இறங்க ஒரு நிமிடம்.

ஜமுனாமரத்தூர் பக்கம் மலை ஏறினால் சிக்னல் வரும் போகும். அங்கே எலக்ட்ரானிக் என்பது ஒன்றல்ல, இரண்டு என்று புரியும். பிரீனின் கோப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் செயலி, டவர் இல்லாத வளைவிலும் பதில் சொல்லும். அந்த வகையில் அது காகிதத்தின் தம்பி. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு சர்வரைக் கேட்டுச் சொல்லும் மொழிபெயர்ப்புச் செயலி வாயடைத்து நிற்கும். கேமராவைக் காட்டினால் ஜப்பானியப் பலகையை மொழிபெயர்க்கும் வித்தையை கூகுள் 2017 ஜனவரியில் கொண்டுவந்தது. அதில் உறுப்பும் வேண்டாம், கோட்டு எண்ணிக்கையும் வேண்டாம். தேர்வுக்கு என்னவோ இரண்டு வகைச் செயலியும் உதவாது. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மூன்றாவதாக ஓர் அகராதியும் உண்டு, நோட்டு. படிக்கிறவர் எவரும் தமிழில் உச்சரிப்பு எழுதிய ஒரு நோட்டு வைத்திருப்பார். ரோமன் எழுத்தைவிட இது ஓரிடத்தில் மேல். மாமா ‘ஒஜிசான்’, தாத்தா ‘ஒஜீசான்’. குறிலும் நெடிலும் நம் எழுத்தில் பளிச்சென்று பிரியும். இன்னோரிடத்தில் காலை வாரும். ‘சக’ என்று எழுதினால் நடுவில் உள்ள ககரம் தானாக மெலிந்துவிடும். வல்லொலி வேண்டி ‘சக்க’ என்று எழுதினால் சரிவான பாதையைக் குறிக்கும் சொல்லும் எழுத்தாளரைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிடும். ஜப்பானியத்தில் அவை ஒற்றைக் ககரமும் இரட்டைக் ககரமும். இதனால்தான் நல்ல ஆசிரியர்கள் இரண்டாம் வாரத்திலேயே ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவில் எழுதச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்.

நர்சிங் படித்த அந்தப் பெண் ஜப்பானில் வேலைக்குப் போனபின் அகராதிக்கு வேறு பரீட்சை. படுக்கைப் புண்ணுக்குப் பேச்சு வழக்கில் ‘தொகொசுரே’, பதிவேட்டில் ‘ஜொகுசோ’. இரண்டாவதை எழுதும் இரண்டு கஞ்சியும் அந்த 2,136இல் கிடையாது. ஜப்பானியரே எழுதத் தடுமாறுவார்கள். அச்சில் இருந்தால் கேமரா படித்துவிடும். ஷிஃப்ட் மாறும்போது மூத்த பணியாளர் அவசரமாகக் கிறுக்கிவைத்த குறிப்பானால் அதுவும் திணறும். அப்போது விரலால் திரையில் எழுதித் தேட வேண்டும். விரல் போகும் வரிசை முறைப்படி இருந்தால்தான் செயலி சுலபமாக அடையாளம் காணும். எது முதல் கோடு, எங்கே தூக்குவது என்று நெல்சனின் மாணவர் கற்றதை, இவளும் அந்த இடத்தில் கற்றாக வேண்டும்.

ஜேஎம்டிக்ட் கோப்பில் ஆங்கிலம் தவிர ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், டச்சு, ஸ்பானிஷ், ஹங்கேரியன், ஸ்வீடிஷ், ஸ்லோவீனியன் பொருள்களும் உண்டு. இருபது லட்சம் பேர் பேசும் ஸ்லோவீனியன் இருக்கிறது, தமிழ் இல்லை. கலசப்பாக்கத்துப் பெண் ஜப்பானியச் சொல்லுக்கு ஆங்கிலம் பார்த்து, அந்த ஆங்கிலத்துக்கு இன்னொரு செயலியில் தமிழ் பார்த்து, நோட்டில் எழுதுகிறாள். 1603இல் போர்த்துகீசியம் நின்ற இடத்தில் இப்போது ஆங்கிலம் நிற்கிறது. கோப்பின் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ். மூலத்தின் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும், தமிழ்ப் பொருள் சேர்க்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இரண்டு லட்சத்தையும் ஒரே மூச்சில் தொட வேண்டாம். பழைய தேர்வு முறையின் அடிமட்ட நிலைக்கு 800 சொற்கள், அதற்கு மேல்நிலைக்கு 1,500. என்4 எழுதுகிறவருக்கு வேண்டியது ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு கல்லூரித் தமிழ்த்துறையும் ஜப்பானியம் தெரிந்த நாலு பேரும் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக் கூடிய வேலை. தானாகா செய்ததுபோல மாணவர்களிடம் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். சரிபார்க்க மட்டும் வேறு ஆளை வைக்க வேண்டும்.